லைப்சிக் ஐயா

நிரஞ்சனா ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தொலைபேசிக் கூண்டுகளைத் தேடிப் போய்ப் படமெடுக்கிறாள் என்பது அவள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் காரணம் கேட்பார்கள். காரணம் சொல்லப் போனால் எங்கெங்கோ போகும். லைப்சிக்கில், தொழிற்சாலைகளின் அழுத்தமானிகளைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கும் ஒரு சோதனைக்கூடத்தில் அவள் பொறியாளர். கரூரிலிருந்து கணவனோடு வந்து பத்து வருடம் ஆகிறது. கணவன் பிரிந்து வேறு ஊருக்குப் போய் ஐந்து வருடம். வயது நாற்பதைத் தொட இன்னும் இரண்டு பாக்கி.

விவாகரத்துத் தீர்ப்பு தபாலில் வந்த மறுநாள் ஒரு ஞாயிறு. அந்த நாட்டில் ஞாயிறென்றால் ஒரு கடையும் திறந்திருக்காது. வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் நடக்கக் கிளம்பியவளை ட்ராம் நிறுத்தம் ஒன்றின் அருகே மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டு நின்றது. உள்ளே போய் நின்றாள். நிறுத்தத்தில் இருந்தவர்கள் பார்ப்பது போலத் தோன்றியதால் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரே சீரான ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அப்படியே நாற்பது நிமிடம் நின்றாள். அழுதாளா என்றால், கொஞ்சம் அழுதாள்தான். யாரும் கதவைத் தட்டவில்லை. யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அது இன்னும் அங்கேதான் நிற்கிறதா என்று பார்க்கப் போனாள். நின்றது. ஒரு படம் எடுத்தாள். பிறகு இதே போல வேறெங்கு நிற்கின்றன என்று இணையத்தில் தேடினாள். அப்போதுதான் அந்த வரைபடம் கிடைத்தது.

ஜெர்மனியில் எஞ்சியிருக்கும் தொலைபேசிக் கூண்டுகளையெல்லாம் சில ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு வரைபடத்தில் குறித்து வந்தார்கள். நிற்கும் கூண்டுக்கு மஞ்சள் புள்ளி, பிடுங்கப்பட்டதற்குச் சாம்பல் புள்ளி. நாலு பக்கமும் படமெடுத்து, கதவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் எழுதி அனுப்ப வேண்டும். நிரஞ்சனாவின் கைக்கு ஏற்ற வேலை. லைப்சிக்கின் முதலெழுத்தையும், பழைய மஞ்சள் கூண்டின் மாதிரி எண்ணையும் சேர்த்து ‘எல்-78’ என்று பெயர் வைத்துக்கொண்டு சேர்ந்துவிட்டாள். அவளுடைய ஜெர்மன் மொழி அலுவலகத்துக்குப் போதும், வேறெதற்கும் போதாது. அதனால் சுருக்கமாக, வெட்டு ஒன்று துண்டு ரெண்டாக எழுதுவாள்.

அங்கே டோர்ட்மண்டிலிருந்து ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய படங்களில் மட்டும் கூண்டுகளின் கண்ணாடி பளபளவென்று இருக்கும். ஒட்டடை இல்லை, கிறுக்கல் இல்லை, பறவை எச்சம் இல்லை. அனுப்பியதைச் சரிபார்க்காமல் விடுவது நிரஞ்சனாவின் பழக்கமல்ல. ஒருநாள் எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிட்டாள்: எந்தக் கூண்டும் இவ்வளவு சுத்தமாக இருக்க முடியாது, இந்தப் படங்கள் கணினியில் திருத்தப்பட்டவை. டோர்ட்மண்டுக்காரர் ஒரே வரியில் பதில் எழுதினார். திருத்தவில்லை, துடைத்தேன் என்று.

அவள் மன்னிப்புக் கேட்டாள். அதிலிருந்து தொடங்கியது கடிதப் போக்குவரத்து. இன்ன ஊரில் ஒரு கூண்டு இருக்கிறது, ஞாயிறு பேருந்து கிடையாது, காட்டு வழியாக மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும், மூன்றாவது வீட்டு நாய் குரைக்கும், ஆனால் கடிக்காது என்று எழுதுவார். அவள் போய்ப் பார்த்தால் நாய் குரைக்கும், கடிக்காது. இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அவர் எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. மனைவியை இழந்த எழுபது வயது ஜெர்மன்காரர், தடித்த நடைச் சப்பாத்து, பையில் ஒரு ஃபிளாஸ்க். அவரை அப்படித்தான் கற்பனை செய்து வைத்திருந்தாள்.

இதற்குள் நாடு முழுக்கக் கூண்டுகளின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். ரிசீவரை எடுத்தால் ஓசை வராது. ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துப் போகவும் தொடங்கியிருந்தார்கள். வரைபடத்தில் வாராவாரம் சாம்பல் புள்ளிகள் கூடிக்கொண்டே போயின.

அந்த வருட அக்டோபரில், ஹார்ஸ் மலையடிவாரத்தில் ஆல்டன்ரோடே என்ற சின்ன ஊரிலிருந்த ஓர் அசல் மஞ்சள் கூண்டை வரும் செவ்வாயன்று எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. நிரஞ்சனா ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினாள். இரண்டு ரயில், ஒரு பேருந்து. இறங்கும்போது பதினொன்றரை மணி, நல்ல வெயில். தேவாலயத்துக்கு எதிரே கூண்டு நின்றது. ஆனால் அதற்குள் ஓர் ஆள் இருந்தார்.

மண்டியிட்டுக் குனிந்திருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. கையில் ஜன்னல் துடைக்கும் ரப்பர். வெளியே நின்று பத்து நிமிடம் பார்த்தாள். மேற்கே மேகம் ஒன்று வந்துகொண்டிருந்தது. பொறுக்க முடியாமல், இன்னும் நேரமாகுமா, தான் படமெடுக்க வேண்டும் என்று ஜெர்மனில் கேட்டாள். அந்த ஆள் திரும்பாமலே நல்ல ஜெர்மனில், தயவுசெய்து ஐந்து நிமிடம் பொறுங்கள், இந்த அழுக்கோடு படமெடுத்தால் அதற்கு அவமானம் என்றார். பேச்சைக் கேட்டதும் அவளுக்கு ஏதோ பொறி தட்டியது. யோசிப்பதற்குள் அந்த ஆள் எழ முயன்று, பாதியில் நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா... நிமிர ஏலாமக் கிடக்கு,” என்றார் தனக்குத்தானே.

“கை குடுக்கட்டுங்களா?” என்றாள் நிரஞ்சனா.

அவர் முகத்தைத் திருப்பி அவளை மேலும் கீழும் பார்த்தார். எழுபது வயது இல்லை. நாற்பத்தேழு இருக்கும். காதோரம் மட்டும் நரை. அவள் கையைப் பிடித்து எழுந்து நின்று, மூச்சு வாங்கி, நீங்கள் தமிழோ என்று கேட்டார். பேர் அன்ரன், டோர்ட்மண்ட், சொந்த ஊர் யாழ்ப்பாணத்தில் குருநகர் என்றார். அவள் லைப்சிக் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

“லைப்சிக்கிலை ஒரு வயசான ஐயா இருக்கிறார். அவரும் இண்டைக்கு இஞ்சை வருவார் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன். எல்-எழுபத்தெட்டு எண்டு பேர். ஆளுக்கு எழுபத்தெட்டு வயசு போலை. கொஞ்சம் கோபக்காரன், ஆனா நல்ல மனுசன்.”

நிரஞ்சனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “எனக்கு எழுபத்தெட்டு ஆக இன்னும் நாற்பது வருஷம் இருக்குங்க,” என்றாள்.

அன்ரனுக்கு அது விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் வாளியைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார். பிறகு மறுபடி வைத்தார். இரண்டு வருடமாக அவளுக்கு ‘மதிப்புக்குரிய ஐயா’ என்று தொடங்கி எழுதிய கடிதங்களெல்லாம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் சிவந்துபோயிற்று. அவள் பழைய விஷயத்தை எடுத்து, ஃபோட்டோவைத் திருத்தியிருக்கிறீர்கள் என்று எழுதியதற்கு நேரிலும் மன்னிப்புக் கேட்டாள். அதைப் படித்த பிறகு இரண்டு நாள் நித்திரை வரவில்லை என்றார் அவர், குறையாக அல்ல, நடந்ததைச் சொல்வது போல.

அடுத்த பேருந்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. தேவாலயப் படியில் உட்கார்ந்தார்கள். அவள் எலுமிச்சை சாதம் கொண்டுவந்திருந்தாள். அவரிடம் அக்கா பற்றிமா செய்துகொடுத்த மீன் கட்லெட் இருந்தது. ஒரு கடி கடித்ததும் நிரஞ்சனாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது, அவ்வளவு உறைப்பு.

சாப்பிட்டபடி அவர் தன் கதையைச் சொன்னார். பதினாலு வயதில் அக்காவோடு வந்தவர். இருபத்திரண்டு வயதில் கிடைத்த வேலை, தொலைபேசிக் கூண்டு கழுவுவது. ஒரு வான், இரண்டு வாளி, நாளொன்றுக்கு முப்பது கூண்டு. டோர்ட்மண்டைச் சுற்றிய ரூர் பகுதி முழுக்க ஒன்பது வருடம் அந்த வேலை செய்தார். கைத்தொலைபேசி வந்து கூண்டுகள் குறைந்ததும் வேலையும் போயிற்று. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டடப் பராமரிப்பாளர். கூண்டுகள் மேல் தனக்குப் பெரிய பாசமொன்றும் இல்லை என்றார். ஆனால் அழுக்கான ஒன்றைக் கண்டால் கை சும்மா இருக்காது. அப்படியே படமெடுப்பது, மூக்கொழுகும் பிள்ளையைத் துடைக்காமல் படமெடுக்கிற மாதிரி.

அவர் பேச்சில் பாதி அவளுக்கு ஒரு நொடி தாமதித்துத்தான் புரிந்தது. அவள் பேச்சில் வந்த ஆங்கிலச் சொற்களை அவர் மனதுக்குள் ஜெர்மனாக்கிப் புரிந்துகொள்கிறார் என்று தோன்றியது. ஆனாலும் இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. பேருந்து வந்து, நின்று, போயும்விட்டது. கடைசியில் அவரே காரில் ரயில் நிலையம் வரை கொண்டுவந்து விட்டார்.

அதன் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறு சேர்ந்து போனார்கள். இடமும் நேரமும் அந்த வரைபடத் தளத்திலேயே எழுதி ஒழுங்கு செய்துகொள்வார்கள். தொலைபேசி எண்ணை அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அவர் கேட்பார் என்று அவள் இருந்தாள். நாற்பது வயதை நெருங்கும் ஒருத்திக்கு இதெல்லாம் வெட்கமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். வெட்கம்தான்.

வேசர் ஆற்றங்கரையில் ஒரு கூண்டு, வெள்ளம் வந்த உயரத்தை அதன் கண்ணாடியில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் துடைத்தார் அன்ரன். முன்ஸ்டர் பக்கத்தில் ஒரு கூண்டுக்குள் தட்டு அடித்துப் புத்தகங்கள் அடுக்கியிருந்தார்கள். அதை எண்ணிக்கையில் சேர்க்கலாமா கூடாதா என்று திரும்பும் வழி முழுக்க வாதாடினார்கள். ரிசீவர் இல்லாதது கூண்டே அல்ல என்றாள் அவள். குடிவந்த ஆள் மாறினால் வீடு வீடில்லையா என்றார் அவர்.

டிசம்பரில் துரிங்கியாவில் ஓர் ஊருக்கு மூன்று மணி நேரம் பயணம் செய்து போனபோது, கூண்டை முந்தின நாள்தான் எடுத்திருந்தார்கள். சிமெண்ட் தளத்தில் நாலு ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நிரஞ்சனாவுக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்து, லைப்சிக்கில் மழைக்கு ஒதுங்கிய அந்த முதல் நாளை அவரிடம் சொல்லிவிட்டாள். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்ரன் தன் கையுறையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் போட்டுக்கொண்டாள். உள்ளே இன்னும் சூடு இருந்தது. அந்த நாலு ஆணியை நாலு பக்கமும் நின்று அவர் படமெடுத்து முடிக்கும் வரை அவள் அப்படியே நின்றாள்.

ஒரு சின்ன விஷயமும் கவனித்தாள். இரண்டாவது பயணத்திலிருந்து பற்றிமா அக்காவின் கட்லெட்டில் உறைப்பே இல்லை. தனக்காகச் சொல்லிக் குறைக்க வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். வீட்டில் தன்னைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பது அவளுக்கு உள்ளூர இதமாக இருந்தது.

ஜனவரி பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை.

முதல் வாரம் வேலை அதிகம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். இரண்டாம் வாரம் அடுத்த ஊரைப் பற்றி எழுதினாள். மூன்றாம் வாரம் தமிழில் ஒரே வரி, நல்லா இருக்கீங்களா என்று. அவர் கடைசியாகத் தளத்துக்கு வந்த தேதி அசையாமல் நின்றது. தான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமா என்று டிசம்பர் பயணத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். அந்த மழை நாள் கதையைச் சொல்லியிருக்கக் கூடாதோ? பாரமாகிவிட்டோமோ? மறுபுறம், ஓர் ஆள் ஒரே நாளில் இப்படி நின்றுபோக மாட்டார் என்றும் தோன்றியது. சரிபார்க்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது என்று ஆயிரம் தடவை மற்றவர்களுக்குச் சொன்னவள் அவள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை டோர்ட்மண்டுக்கு ரயிலேறினாள்.

அன்ரன் என்ற பேர், பற்றிமா என்ற அக்கா, ஒரு பள்ளிக்கூடம். இவ்வளவுதான் கையிலிருந்த விவரம். ரயில் நிலையத்திலிருந்து வடக்கே நடந்து முதலில் கண்ட தமிழ்க் கடைக்குள் நுழைந்தாள். முருங்கைக்காயும் இடியப்ப மாவும் அடுக்கியிருந்த அந்தக் கடையின் சொந்தக்காரர் ராசன் என்பவர். அன்ரன் என்று அவள் கேட்டதும் அவர் கையை விரித்தார்.

“எந்த அன்ரன் பிள்ளை? இந்த ஊரிலை எங்கட ஆக்களுக்குள்ளை அன்ரன் ஒரு பத்துப் பேர் இருக்கினம்.”

“டெலிபோன் பூத்தைத் துடைச்சு ஃபோட்டோ எடுப்பாரே, அவருங்க.”

“ஓ, அந்த விசரனே,” என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, இருங்கோ என்றார். தேநீர் வந்தது. உள்ளே போய் யாருக்கோ தொலைபேசியில் பேசினார்.

அரைமணியில் பற்றிமா வந்தார். ஐம்பத்தைந்து வயது, மருத்துவமனைச் சமையலறைச் சீருடை, வேலை முடிந்த களைப்பு முகம். நிரஞ்சனாவை ஏற இறங்கப் பார்த்தார். நீங்கள் ஆர், அன்ரனை எப்படித் தெரியும் என்று கேட்ட குரலில் சந்தேகம் இருந்தது. நிரஞ்சனா தான் லைப்சிக்கிலிருந்து வருவதாகவும், அந்தப் படமெடுக்கும் பயணங்களில் அவரோடு கூடப் போகிறவள் என்றும் சொன்னாள். பற்றிமாவின் புருவம் நெற்றிக்கு ஏறியது.

“அப்ப அந்த லைப்சிக் ஐயா?”

“ஐயா எல்லாம் இல்லைங்கக்கா. நான்தான்.”

பற்றிமா பக்கத்திலிருந்த அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். “வெள்ளைக்கார வயசுபோன மனுசன், வயிறு தாங்காது எண்டு சொல்லிச் சொல்லி, நான் உறைப்பில்லாமல் புறம்பாப் பொரிச்சு விட்டனான். அதெல்லாம் நீங்களோ சாப்பிட்டது?”

ராசன் அப்பால் திரும்பி மிளகாய்த் தூள் பொதிகளை அடுக்கத் தொடங்கினார். அவர் தோள் குலுங்கியது. நிரஞ்சனாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தன்னைப் பற்றி வீட்டில் பேசியிருக்கிறார் என்று மூன்று மாதம் மகிழ்ந்ததெல்லாம் இந்த ஐயாவைப் பற்றியா? கேட்கவேண்டியதை மட்டும் கேட்டாள். அவர் எங்கே, எப்படி இருக்கிறார்?

ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் ஒரு அலமாரியை நகர்த்தும்போது முதுகெலும்புத் தட்டு விலகி, இடது கால் விறைத்துப் போயிற்றாம். அவசரமாக அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். இப்போது சவர்லாண்ட் மலைப்பக்கத்தில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் இருக்கிறார். கால் இன்னும் முழுதாகச் சொன்னபடி கேட்கவில்லை. ஆள் ஒருவரோடும் கதைக்கிறதில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்றார் பற்றிமா. பிறகு எழுந்து, “வாங்கோ, கார் வெளியிலை நிக்குது,” என்றார்.

ஒரு மணி நேரப் பயணம். வழியில் பற்றிமா அதிகம் கேட்கவில்லை. ஒருமுறை மட்டும், உறைப்பு எவ்வளவு தாங்குவியள் என்று கேட்டார். ஓரளவு தாங்குவேன் என்றாள் நிரஞ்சனா. மருத்துவமனை வாசலில் அவளை இறக்கிவிட்டு, அறை எண்ணைச் சொல்லிவிட்டு, தான் கீழே கன்டீனில் இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அன்ரன் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். மெலிந்திருந்தார். மழிக்காத தாடியில் அவள் அறியாத நரை. மடியில் பிரிக்காத ஒரு செய்தித்தாள். அவளைக் கண்டதும் எழப் பார்த்தார். கால் இடம்கொடுக்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்தபடி மறுபடி உட்கார்ந்தார். அவள் எதிரே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“ஒரு வரி எழுதியிருக்கலாமே,” என்றாள்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடி பேசினார். தளத்துக்குள் போக வீட்டுக் கணினியில்தான் முடியும் என்பதைச் சாக்காகச் சொல்லலாம், ஆனால் அது பொய் என்றார். அக்காவிடம் சொல்லியிருந்தால் எழுதியிருக்கலாம். எழுத மனம் வரவில்லை.

“இனி எனக்கு மலை ஏற ஏலாது. வாளி தூக்க ஏலாது. குனியவே ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம். நீங்கள் அந்த ரெலிபோன் கூண்டுகளைப் பாக்கத்தானே வாறனீங்கள். அதுக்குத்தான் நானும். அது இல்லையெண்டா என்னோடை வந்து உங்களுக்கு என்ன கிடக்கு?”

நிரஞ்சனா செய்தித்தாளை அவர் மடியிலிருந்து எடுத்து மடித்துப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

“பூத்தைப் பார்க்கணும்னா நான் தனியாவே போயிருப்பேனே,” என்றாள். “மூணு வருஷம் தனியாத்தான் போனேன். உங்களைப் பார்க்கத்தான் அக்டோபர்ல இருந்து வந்துட்டிருக்கேன். அது உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

அன்ரன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தெரியேல்லை என்று மெல்லச் சொன்னார். தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன் என்றார்.

அவள் அடுத்த விஷயத்துக்கு வந்தாள். அக்காவிடம் ஏன் ஐயா என்று சொல்லி வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெண்ணென்று சொன்னால் அக்கா அன்றைக்கே கல்யாணப் புடவை எடுத்திருப்பார், ஊர் முழுக்கப் பேச்சாகியிருக்கும், அந்தப் பேச்சு அவள் காதுக்கு எட்டி அவள் வராமல் நின்றுவிடுவாளோ என்று பயந்ததாகச் சொன்னார். எண்ணைக் கேட்காததும் அதே பயத்தில்தான். கேட்டுவிட்டு, இல்லையென்று ஆகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும். இருப்பதே போதும் என்று இருந்துவிட்டார்.

“எனக்குப் போதாதுங்க,” என்றாள் நிரஞ்சனா.

அதைச் சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. கன்னம் சுட்டது. ஆனால் திருத்தவில்லை. அன்ரன் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருடம் தண்ணீரிலும் சோப்பிலும் ஊறிய கை, உள்ளங்கை கரடாக இருந்தது. மருந்து கொடுக்க வந்த தாதி வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிறகு வருவதாகச் சொல்லிப் போனாள். பற்றிமா மேலே வந்தபோதும் கையை எடுக்க இருவருக்கும் தோன்றவில்லை. பற்றிமா ஜன்னல் திரையை இன்னும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, தம்பியின் தாடியைப் பார்த்து, நாளைக்கு வரும்போது ஷேவிங் செட் கொண்டுவாறன் என்று மட்டும் சொன்னார்.

அந்த மருத்துவமனைக்கு நிரஞ்சனா ஏழு வாரம் தொடர்ந்து போனாள். சனி இரவு பற்றிமா வீட்டில் தங்குவாள், ஞாயிறு முழுக்க அவரோடு இருப்பாள். முதலில் தாழ்வாரத்தின் பாதி வரை நடந்தார். பிறகு முழுத் தாழ்வாரம். பிறகு தோட்டத்து வாத்துக் குளம் வரை. எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம் என்று அவள் குறித்து வைத்தாள். நீங்கள் என்னை அழுத்தமானி என்று நினைத்துவிட்டீர்கள் என்று அவர் சிரித்தார். ஏப்ரலில் கைத்தடியோடு வீட்டுக்கு வந்தார். இடது காலை இன்னும் கொஞ்சம் இழுத்துத்தான் வைக்கிறார். அது அப்படியே இருக்கும் என்றார்கள் வைத்தியர்கள். பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பாரம் தூக்காத வேலை கொடுத்தார்கள். சாவிக் கொத்தும் வருகைப் பதிவும் இப்போது அவர் பொறுப்பு.

வரைபடத்தைக் கோடையில் மூடிவிட்டார்கள். மஞ்சள் புள்ளி ஒன்றிரண்டு இருந்தன, ஆனால் அவை ஊராரின் சொந்தக் கூண்டுகள், கணக்கில் வராதவை. மூடும் அறிவிப்பில் நிறையப் பேர் வருத்தம் எழுதினார்கள். நிரஞ்சனா அன்று வேறு வேலையாக இருந்தாள். டோர்ட்மண்டுக்குப் பக்கத்து ஊரான போஃகூமில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்து, டோர்ட்மண்டில் தரைத்தள வீடு ஒன்று தேடிக்கொண்டிருந்தாள். படிக்கட்டு இருக்கக் கூடாது, சமையலறையில் வெளிச்சம் வேண்டும். பற்றிமாவுக்கு இன்னொரு நிபந்தனை இருந்தது. தன் வீட்டிலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும்.

வீடு கிடைத்தது. செப்டம்பரில் நகர மன்றத்தில் பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டது பற்றிமாவும் ராசனும். கரூரிலிருந்து அம்மாவுக்கு விசா கிடைக்க நேரமாகும் என்பதால், திருமணத்துக்கு முந்தின ஞாயிறு காலை வீடியோவில் அன்ரனை அறிமுகம் செய்து வைத்தாள். அன்ரன் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டார். கைத்தடி திரையில் தெரியாத இடத்தில் வைக்கலாமா என்று கேட்டார். தெரிகிற இடத்திலேயே இருக்கட்டும் என்றாள் அவள்.

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். அன்ரன் எழுந்து நின்று, “வணக்கம் அம்மா, சுகமா இருக்கிறியளோ?” என்றார்.

அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மகளிடம் திரும்பி, மாப்பிள்ளை கேரளாப் பக்கமா என்று விசாரித்தார். இல்லம்மா, யாழ்ப்பாணம் என்றாள் நிரஞ்சனா. அம்மா மெதுவாகத் தலையாட்டி, அவரிடமே நேராகப் பேசலானார். உட்காரச் சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அன்ரன் உட்கார்ந்து, அக்கா கொண்டுவந்த இடியப்பத்தையும் சொதியையும் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சொதியென்றால் என்னவென்று அம்மா கேட்டார். தேங்காய்ப் பாலை எப்போது விடுவது, எப்போது அடுப்பிலிருந்து இறக்குவது என்று அவர் விளக்க, அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டார். பேச்சு ஓயாது என்று தெரிந்ததும் நிரஞ்சனா எழுந்து சமையலறைக்குப் போனாள். அரிசியைக் களைந்தபடி, முன்னறையிலிருந்து வந்த இரண்டு விதத் தமிழையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.